ஒரு மணி நேரத்தில் பெங்களூர்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஆகாய மார்க்கமாக ஒரு மணி நேரப் பிரயாணம் என்று விமான நிறுவனங்களின் கால அட்டவணை சொல்வதைப் பொய் என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்த ஒரு மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த ஊர்க்காரருக்கு அது உபயோகப்படுகிறது என்று விசாரிக்காமலே, தூரம் சுருங்கிவிட்டதாக நாம் சந்தோஷப்பட்டுக்கொள்வதில்தான் எனக்கு ஆட்சேபம்.

இரு நகரங்களின் விமான நிலையங்கள் இருக்கும் மீனம்பாக்கத்துக்கும் தேவனஹள்ளிக்கும் இடையே வானவழித் தூரம் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடிய ஜெட் விமானத்துக்கு இது இருபது நிமிஷ விஷயம். ஆனால் ஏறுவதிலும் இறங்குவதிலுமே வழி பெரும்பாலும் தீர்ந்துவிடுவதால், முழு வேகத்தைக் காட்ட அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. தாமதமாகப் புறப்பட்டும் குறித்த வேளையில் சேர்ந்ததாகக் கணக்குக் காட்டும்பொருட்டு, அட்டவணையில் சில நிமிஷங்களை முன்கூட்டியே சேர்த்துவைப்பது உலகெங்கும் உள்ள சம்பிரதாயம். 2008-இல் பெங்களூரின் விமான நிலையம் நகரத்தை விட்டு முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் போனபோது பிரயாணிக்கு நேர்ந்த சிரமம் மட்டும் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

பட்டு நூலுக்குக் கர்நாடகத்தையும் ஜரிகைக்குச் சூரத்தையும் நம்பி, நெய்த புடவைக்குச் சென்னையின் கடைகளை எதிர்பார்த்து வாழ்கிற ஆரணியிலிருந்து பார்த்தால் இந்த விநோதம் இன்னும் தெளிவாகும். புவிசார் குறியீடு பெற்ற புடவைக்குப் பெயர்போன இவ்வூரின் வியாபாரி ஒருவர் பெங்களூருக்குப் பறந்துபோக ஆசைப்பட்டால், மேற்கே இருக்கும் ஊரைச் சேர்வதற்காக முதலில் கிழக்கே நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் பயணம் செய்து, விமான நிலையத்தில் காத்திருந்து, பிறகு தம் ஊருக்குச் சற்று வடக்கே வானத்தில் கடந்துபோக வேண்டும்! அதற்குள் வேலூர் வழியாகப் பஸ் ஏறியவர் பெங்களூரில் இறங்கி, நூலுக்கு விலை பேசத் தொடங்கியிருப்பார்.

ரயிலில் போகலாமே என்றால், 'ஆரணி ரோடு' என்ற பெயர்ப்பலகையைத் தாங்கிய நிலையம் இருப்பது களம்பூரில்; ஊருக்குள் தண்டவாளமே இல்லை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகத் திண்டிவனத்தையும் நகரியையும் இணைக்கும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர்ப் பாதை 2006-07-ஆம் ஆண்டிலேயே அனுமதி பெற்றும், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து தறியில் உட்காரும் வயதை எட்டிய பின்னும், ஆரணிக்கு ரயில் வந்தபாடில்லை. வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்து விமானத் தளத்தைப் புதுப்பித்ததை நான் குறை கூறவில்லை. ஆனால் மூட்டையோடு போகிற சிறு வியாபாரிக்கு அது எவ்வளவு தூரம் பிரயோஜனப்படும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

என் அபிப்பிராயத்தில், பாதை முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கப் பணமில்லையென்று ரயில்வே இலாகா சொல்லுமானால், ஆரணியிலிருந்து ஆற்காடு வழியாக வாலாஜா ரோடு வரையிலான துண்டை முதலில் போட்டுவிடட்டும்; சென்னை–பெங்களூர்ப் பிரதான மார்க்கம் அங்கேதான் இருக்கிறது, ஆரணிக்காரருக்கு இரண்டு திசையும் ஒருசேரத் திறந்துவிடும்.