அடுக்குச் சங்கு போதாதா?
சிதம்பரம் கீழவீதியில் ஒரு வீட்டு கேட் முழுக்க அடுக்குச் சங்குப்பூ நீலமாக அப்பிக்கிடக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பரோ அடுக்குப்பூ கிளெமாட்டிஸ்தான் வேண்டுமென்று ஆன்லைனில் தேடுகிறார். வேருக்குக் குளிர்ச்சி கேட்கும் கொடி அது. நம் கத்திரி வெயிலில் என்ன பாடுபடுமோ! சங்கு அவரைக் குடும்பம், வேர் முடிச்சிலேயே தழைச்சத்தைத் தேடிக்கொள்ளும். விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் போதும், வேலியைப் பிடித்துவிடும். ஒற்றைப் பூவில் ஓர் இதழ்தான் அகலமாக விரியும், நடுவில் வெள்ளைத் தீற்றலோடு. அடுக்கில் ஐந்துமே பெரிதாகி, குட்டி ரோஜாபோல் சுருண்டு நிற்கும். அழகுதான், ஆனால் அந்தச் சங்கு வடிவம் போய்விடுகிறதே என்று எனக்கொரு குறை. நண்பருக்கு நாலு நெற்று எடுத்துவைத்திருக்கிறேன். வெடிக்குமுன் பறித்துவிட வேண்டும், இல்லையென்றால் விதை தெருவுக்குத்தான்.