கல் மாதிரி காற்று வேண்டாம்

போன வாரம் காலையில் எதிர்வீட்டுப் பெண் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். "மிதிக்கவே முடியல தாத்தா, ரொம்ப இழுக்குது. அம்மா சைக்கிளை வச்சிட்டு பஸ்ஸிலயே போகச் சொல்றாங்க" என்றாள். பஸ்ஸை நம்பினால் மாலை சிறப்பு வகுப்புக்கு இருக்க முடியாது என்பது அவள் கவலை.

பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினேன். பிசைந்த மாவு மாதிரி உள்ளே போயிற்று. சைக்கிள் வந்து மூன்று மாதமாகிறது, ஒருமுறைகூடக் காற்று அடிக்கவில்லையாம். என் பம்பைக் கொடுத்தேன். அவள் தம்பி மூச்சு வாங்க அடித்துக்கொண்டே போனான். "போதும்டா" என்றேன். "கல்லு மாதிரி இருந்தாத்தான் தாத்தா வேகமா போகும்" என்றான்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் கல்லணைக் கால்வாய்க் கரையோரமாக ஆபீசுக்குப் போவேன். டயரைத் தட்டினால் டங்கென்று சத்தம் வரவேண்டும் எனக்கு. ஒரு ஐப்பசி மழையில், கரை மண்ணில் முன்சக்கரம் வழுக்கி, கட்டிக்கொண்டு போன பைலோடு விழுந்தேன். முழங்கால் காயம் பத்து நாளில் ஆறியது. மை கலைந்த தாளுக்கு வாங்கிய மெமோ மட்டும் நெடுநாள் மறக்கவில்லை.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். சைக்கிள் ட்யூபுக்கு அந்த மொழியில் 'காற்றின் அறை' என்று பெயர். அருமையான பெயர். நம்மைச் சுமப்பது ரப்பர் அல்ல, அந்த அறையில் அடைபட்ட காற்று.

கணக்கு எளியது. ஆளும் சைக்கிளுமாகத் தொண்ணூறு கிலோ என்றால் பின்சக்கரத்தில் ஏறக்குறைய 54 கிலோ, அதாவது 120 பவுண்டு இறங்கும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 3 சதுர அங்குலம் டயர் தரையில் படியும். 20 பவுண்டுதான் இருந்தால் 6 சதுர அங்குலம். அவ்வளவு ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர வேண்டும். அந்தப் பெண்ணின் கால் வலி அங்கேதான் போயிற்று.

அதற்காகக் கல் மாதிரி அடித்தால், நம் ஊர்ச் சாலையில் ஒவ்வொரு ஜல்லியும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். மிதித்த பலம் குதிப்பதில் வீணாகும். ஈர மண்ணில் பிடிப்பும் குறையும். பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்களே முன்பு 23 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றை இறுக்கி அடித்தவர்கள், இப்போது 28க்கும் மேல் அகலமாக்கிக் காற்றைக் குறைத்துக்கொண்டார்கள்.

பஞ்சரிலும் இரண்டு வகை உண்டு. கருவேல முள் குத்தினால் ஒரே ஓட்டை. அதற்குக் காற்று மட்டும் காரணமில்லை, தேய்ந்த டயரை மாற்ற வேண்டும். காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறங்கினால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அது முழுக்க நம் சோம்பேறித்தனம்.

என் வழக்கம் இது. சாதாரண பெரிய சைக்கிளுக்கு முன்னால் 35 பவுண்டு, பின்னால் 45. ஒல்லியான பிள்ளைகளுக்கு ஐந்து குறைவு. கேரியரில் ஆளோ மூட்டையோ இருந்தால் டயர் ஓரத்தில் அச்சிட்ட அளவு வரை போகலாம், தாண்டக் கூடாது. மழைச் சேற்றில் கொஞ்சம் குறைக்கலாம். அளக்கக் கருவி வேண்டாம். ஏறி உட்கார்ந்ததும் டயரின் அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கினால் சரி. அப்பளமாகப் படிந்தால் குறைவு, அசையவே இல்லையென்றால் அதிகம்.

இதெல்லாம் பம்ப் இருப்பவனுக்கு. எங்கள் தெருமுனையில் இருந்த வாடகை சைக்கிள் கடை மூடிப் பல வருடம் ஆயிற்று. பெட்ரோல் பங்க்கில் இருக்கும் காற்றுக் குழாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது, நம் பழைய மாதிரி சைக்கிள் வால்வில் பொருந்தாது. பிள்ளை எங்கே போகும்?

2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் எல்லாப் பிரிவுக்கும் விரிந்த திட்டம் இது. நல்ல திட்டம், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அரசாங்க ஊழியனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொருளைக் கொடுத்ததோடு கோப்பை மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு பள்ளி சைக்கிள் ஸ்டாண்டிலும் கால் வைத்து அடிக்கும் பம்ப் ஒன்று, வால்வு ட்யூப் ஒரு சுருள், திங்கட்கிழமை காலையில் பத்து நிமிஷம். செலவு சில நூறு ரூபாய்.

அதுவரை, வீட்டில் பம்ப் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் அதைத் திண்ணையில் வையுங்கள். என்னுடையது இப்போது அங்கேதான் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் மறுபடியும் சைக்கிளில்தான் போகிறாள்.