மின்மானியின் நினைவு

மறதி மனிதனுக்கே உரியது, இயந்திரம் எதையும் மறவாது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதை நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்மானியே காட்டும்.

முற்காலத்து மின்மானியில் அலுமினியத் தட்டொன்று சுழன்று, மொத்தச் செலவை மட்டும் எண்களாற் காட்டிற்று. எந்நாளில் எவ்வளவு என அதனை வினவிப் பயனில்லை. தியாகராயநகரில் 2022 வாக்கில் பரீட்சார்த்தமாகப் பொருத்தப்பெற்ற ஸ்மார்ட் மீட்டர் போன்றவையோ, குறித்த இடைவெளிதோறும் செலவைப் பதிந்து, தொலைவிலுள்ள கணினிக்கும் அனுப்ப வல்லவை. ஆயினும் அவற்றின் நினைவகத்திற்கும் ஓர் எல்லையுண்டு. அது நிறைந்தபின், பழைய பதிவை அழித்தே புதியது எழுதப்படும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் 3360 பதிவுகளைக் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்திற்கு ஒன்றாயின் நாளொன்றுக்கு 96 பதிவுகள். 35 நாளில் இடம் தீர்ந்துவிடும். 30 நிமிடத்திற்கு ஒன்றாயின் நாளொன்றுக்கு 48. 70 நாள் தாங்கும். நிமிடத்திற்கு ஒன்றாயின் நாளொன்றுக்கு 1440. மூன்றாம் நாளிலேயே முதல் நாட்பதிவு அழியத் தொடங்கும்.

இதனால் வரும் கேடு யாது? நம் மாநிலத்து வீடுகளில் இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்தல் நெடுநாள் வழக்கு. செலவு ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறுமாதலின், எல்லையை ஒட்டிய சில யூனிட்டுகளும் பொருட்படுத்தத் தக்கனவே. மயிலாப்பூரில் ஓர் இல்லத்தார், "இவ்வளவு மின்சாரம் நாங்கள் செலவிடவில்லை" என்று முறையிடுகின்றார் எனக் கொள்வோம். தொலைத்தொடர்பு அறுந்திருந்து, மீட்டரிலும் கடைசி 35 நாட்பதிவே எஞ்சியிருப்பின், முந்திய 25 நாளுக்குச் சான்று எங்கே? இடைவெளியை 30 நிமிடமாக அமைத்திருந்தால் முழுக்காலத்திற்கும் சான்று இருந்திருக்கும். ஆகவே இடைவெளியைத் தேர்தல் வெறும் தொழில்நுட்பமன்று, நீதியைச் சார்ந்ததுமாம்.

"நினைவகத்தைப் பெருக்கி, நொடிதோறும் பதிந்தால் என்ன?" எனச் சிலர் வினவலாம். அவ்வளவு நுண்ணிய பதிவு, வீட்டார் எப்பொழுது விழித்தனர், எப்பொழுது வெளியே சென்றனர் என்பதையும் காட்டிக்கொடுக்கும். கட்டணக் கணக்கிற்கு அச்செய்தி வேண்டுவதில்லை. மறுபுறம், அடுக்குமாடியின் லிஃப்ட் மோட்டார் கிளம்புங்கால் சில கணமே பெருகும் மின்னோட்டம், 15 நிமிடச் சராசரியில் மறைந்துபோகும். அதனைக் கண்டறிய, குறித்த அளவு மீறும்பொழுது மட்டும் பதியுமாறு தனிக்கருவியை அமைத்தலே தகுதி. கேள்விக்கேற்ற இடைவெளி வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

மின்சாரம் அற்றபொழுதும் பதிவு அழியாதிருத்தலும், கடிகாரம் நில்லாதிருத்தலும் இன்றியமையாதன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரைப் பகுதிகள் இருளில் மூழ்கியதை நாம் மறந்திலோம். மின்சாரம் மீண்டபின் காலம் பிசகிய கருவி, எவ்வளவு பதிந்தும் நம்பத்தகாததாகும்.

ஆதலின் எமது கருத்து இது: மீட்டரின் இடைவெளி யாது, எத்தனை நாள் பதிவு நிற்கும், அதனை யார் காணலாம் என்னும் மூன்றையும் இல்லத்தாருக்கு எளிய தமிழில் அறிவித்தல் வேண்டும். கட்டணக்காலம் முடியுமுன் எப்பதிவும் அழிதல் கூடாது. பௌதிகம் பயிலும் நம் மாணவரும், சோதனைச்சாலையிற் கருவியின் பொத்தானைத் தொடுமுன், தாம் அறிய விரும்புவது யாதென ஒரு வரி எழுதிப் பழகுவாராக. கேள்வி தெளிந்தால், கருவி எதை நினைக்கவேண்டும், எதை மறக்கலாம் என்பது தானே தெளியும்.