மென்பொருளின் பிடியில் மோட்டார் வாகனம்

வாகனமொன்றின் வலு எவ்வளவு என்பதை அறிவதற்கு நீதிமன்றத்தின் படியேற வேண்டிவரும் என்று பத்து வருடங்களுக்கு முன்னர் எவரேனும் கூறியிருந்தால் நகைத்திருப்போம். 2025 ஆம் ஆண்டில் நம் நாட்டில் அதுவே நிகழ்ந்தது. சீனாவின் பீ.வை.டி. நிறுவனத் தயாரிப்பான மின்சாரக் கார்கள் ஏறத்தாழ ஆயிரத்தைச் சுங்கத் திணைக்களம் விடுவிக்காது தடுத்து வைத்தது. அவற்றின் மோட்டார் வலு 100 கிலோவாட் என இறக்குமதியாளர் வெளிப்படுத்தியிருந்தார். அது உண்மையில் 150 கிலோவாட்டாக இருக்கலாம் என்பது சுங்கத்தின் சந்தேகம். இறக்குமதி நிறுவனம் அச்சந்தேகத்தை முற்றாக மறுத்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. பின்னர் வங்கி உத்தரவாதத்தின் பேரில் வாகனங்களை விடுவிக்கச் சுங்கம் இணங்கியது; வலுவை நிர்ணயிக்கும் பொறுப்பு நிபுணர்களிடம் சென்றது.

யார் கூறுவது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் பிணக்கின் பெறுமதியை வாசகர் அறிந்துகொள்வது நன்று. 2025 இல் நடைமுறைக்கு வந்த உற்பத்தி வரி அட்டவணையின்படி, புதிய மின்சாரக் காரின் மோட்டார் 50 கிலோவாட்டுக்கு மேல் 100 கிலோவாட் வரையாயின் ஒரு கிலோவாட்டுக்கு 24,100 ரூபா அறவிடப்படும். 100 ஐத் தாண்டி 200 வரையாயின் அது 36,200 ரூபாவாகும். எனவே 100 கிலோவாட் காருக்கு 24 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவும், 150 கிலோவாட் காருக்கு 54 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாவும் வரியாகின்றன. ஒரே தோற்றம், ஒரே இருக்கை, ஒரே சில்லு. வித்தியாசம் மட்டும் 30 இலட்சம்.

பெற்றோல் வாகனங்களின் காலத்தில் இவ்வாறான மயக்கத்துக்கு இடமிருக்கவில்லை. இயந்திரத்தின் கொள்ளளவு இரும்பில் குடையப்பட்டது. 660 சீ.சீ. என்றால் அது 660 தான். கொழும்பில் அளந்தாலும் கிண்ணியாவில் அளந்தாலும் மாறாது. நம் வீதிகளில் சிறு இயந்திரக் கார்கள் இத்தனை பெருகியதற்கு நம்மவர்களின் சிக்கனத்தை மட்டும் காரணமாகக் கூற முடியாது. சீ.சீ. கணக்கில் அமைந்த வரியே அதற்குப் பிரதான காரணம். மின்சார மோட்டாரின் கதை வேறு. மின்கலத்திலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்னோட்டம் செல்லலாம் என்பதை இடையிலுள்ள இன்வேர்ட்டர் தீர்மானிக்கின்றது. அந்த இன்வேர்ட்டருக்குக் கட்டளையிடுவது மென்பொருள். மோட்டாரின் உடலமைப்பு உயர்ந்தபட்ச எல்லை ஒன்றை விதிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வெல்லைக்குக் கீழே எங்கு நிறுத்துவது என்பது சில எழுத்துகளை மாற்றும் வேலைதான்.

இவ்வாறு மட்டுப்படுத்துவது தன்னளவில் குற்றமாகாது. மின்கலத்தின் ஆயுளைக் கருதியும், விற்கப்படும் நாட்டின் சட்டத்தைக் கருதியும் உற்பத்தியாளர்கள் அதனைச் செய்வதுண்டு. கேள்வி வேறோரிடத்தில் எழுகின்றது. பூட்டு நம் வீட்டு முற்றத்தில் நிற்கின்றது; திறப்பு எவரிடம் இருக்கின்றது? வாகனம் விற்கப்பட்டுப் பதிவாகி இரண்டு வருடங்களின் பின்னர், இணையத்தின் ஊடாக வரும் ஒரு புதுப்பிப்பினாலோ கெட்டிக்காரக் கராஜ்காரர் ஒருவரின் மடிக்கணினியினாலோ அந்த வலு உயருமாயின், வரி ஏய்ப்புச் செய்தவர் உரிமையாளரா, முகவரா, சென்ஷென் நகரிலுள்ள உற்பத்தியாளரா? நம் வரிச் சட்டம் இக்கேள்வியை எண்ணி எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

வெளிநாடுகளின் அனுபவம் இவ்விடயத்தில் நமக்கு முன்னே செல்கின்றது. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை நெருங்கியபோது மக்கள் வாகனங்களில் வெளியேறிக்கொண்டிருந்தனர். டெஸ்லா நிறுவனம் அங்குள்ள சில கார்களின் ஓடும் தூரத்தை ஓரிரவில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரால் கூட்டியது. எவரும் காரைத் தொடவில்லை. அக்கார்களில் 75 கிலோவாட் மணி மின்கலம் பொருத்தப்பட்டிருந்தது; குறைந்த விலைக்கு விற்கப்பட்டமையால் அதில் ஒரு பகுதி மென்பொருளினால் பூட்டப்பட்டிருந்தது. ஆபத்து வேளையில் நிறுவனம் பூட்டைத் திறந்தது. சில நாட்களின் பின்னர் மீண்டும் பூட்டியது. மனிதாபிமானச் செயல் என்று பலர் பாராட்டினர். பாராட்டத்தக்கதே. எனினும், தாம் வாங்கிய காரின் அடியில் தமக்குக் கிட்டாத மின்கலப் பகுதியொன்றை இத்தனை காலமும் சுமந்து திரிந்துள்ளோம் என்பதைப் பல உரிமையாளர்கள் அன்றுதான் உணர்ந்தனர்.

இச்சம்பவத்தை இங்கு நினைவூட்டக் காரணமுண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருக்கெடுத்து மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூர், சேருவில, வெருகல் பகுதி மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். அவ்வாறான இரவொன்றில் இன்னும் ஐம்பது கிலோமீற்றர் ஓட முடியுமா முடியாதா என்பது சிறு விடயமன்று. அதைத் தீர்மானிக்கும் கரம் கடல் கடந்து இருக்கலாம் என்பதும் சிறு விடயமன்று.

கொடுத்த கரம் எடுக்கவும் கூடும். 2019 மே மாதத்தில் அதே டெஸ்லா நிறுவனம் தனது மொடல் எஸ், மொடல் எக்ஸ் கார்களுக்கு ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. ஷங்ஹாயிலும் ஹொங்கொங்கிலும் கார்கள் தீப்பற்றியதைத் தொடர்ந்து முன்னெச்சரிக்கையாகவே அது அனுப்பப்பட்டதாக நிறுவனம் விளக்கியது. மறுநாள் காலையில் தமது கார் முன்போல் தூரம் ஓடாததையும், மின்னேற்றக் கூடுதல் நேரம் எடுப்பதையும் பழைய கார்களின் உரிமையாளர்கள் பலர் கண்டனர். அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு, 2021 இல் 15 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. அதற்குள் அடங்கிய 1,743 வாகனங்களின் உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 625 டொலர் கிடைத்தது. நோர்வேயில் நம் நாட்டு மத்தியஸ்த சபையை ஓரளவு ஒத்த சபையொன்று முப்பது உரிமையாளர்களுக்குத் தலா 136,000 குரோனர் வரை வழங்குமாறு அதே ஆண்டில் பணித்தது. தீ விபத்தைத் தடுக்கத் தூரத்தைக் குறைத்தது நியாயமாகவே இருந்திருக்கலாம். குறைக்கப் போகின்றோம் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் அவர்களைச் சினமூட்டியது.

இவையெல்லாம் செல்வந்த நாட்டவரின் கவலைகள் என்று ஒதுக்கிவிடுவோர் நிசான் லீப் காரை மறந்துவிடுகின்றனர். 2015 ஆம் ஆண்டையொட்டி வரிச் சலுகை இருந்த காலத்தில் ஜப்பானில் பாவித்த லீப் கார்கள் பெருமளவில் இந்நாட்டுக்கு வந்தன. நாமறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திருகோணமலையில் இன்றும் அத்தகைய காரொன்றை ஓட்டுகின்றார். திரையிலுள்ளவை யாவும் ஜப்பானிய எழுத்துகள். எந்த இடத்தைத் தொட்டால் என்ன நிகழும் என்பதை அவர் மனப்பாடம் செய்தே வைத்திருக்கின்றார். மின்கலத்தின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளில் ஏழுதான் மீதி. முன்னர் கந்தளாய் சென்று மீள்வதற்கு அவர் யோசித்ததில்லை. இப்போது நிலாவெளிக்கு அப்பால் போவதென்றாலும் கணக்குப் பார்க்கின்றார். லீப் காரின் மின்கலத்தைக் குளிர்விக்கும் தனிப் பொறிமுறை கிடையாது. நம் கரையோர வெயில் அதன் ஆயுளைக் குடிக்கும் என்பதை வாங்கும்போது அவருக்கு எவரும் கூறவில்லை.

அந்தக் கோடுகள் உண்மை பேசுகின்றனவா என்பதும் ஒரு கேள்வி. நம்மைப் போன்றே ஜப்பானின் பாவித்த கார்களை இறக்குமதி செய்யும் நியூஸிலாந்தில், உரிமையாளர்களிடமிருந்து தரவு திரட்டிய குழுவொன்று 2018 இல் ஆய்வொன்றை வெளியிட்டது. 24 கிலோவாட் மணி மின்கலங்கள் வருடத்துக்கு ஏறத்தாழ 3 வீதம் திறனிழக்கையில், புதிதாக வந்த 30 கிலோவாட் மணி மின்கலங்கள் 10 வீதமளவில் இழப்பதாக அது கண்டது. புதியது பழையதைவிட மோசமானதா? ஆராய்ந்த நிசான் நிறுவனம், மின்கலம் பழுதாகவில்லை, அதனை அளக்கும் மென்பொருளே தவறாகக் கணக்கிட்டது என்று அறிவித்துத் திருத்தமொன்றை வெளியிட்டது. திருத்தம் ஏற்றப்பட்ட கார்களில் இழந்த கோடுகள் மீண்டன. தராசு பழுதென்றால் பண்டத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் முகவரின் ஊடாக வராது, ஏல விற்பனையில் வாங்கிக் கப்பலேற்றப்பட்ட கார்களுக்கு அந்தத் திருத்தத்தை இங்கு ஏற்றிக் கொடுப்பது எவருடைய கடமை? அதற்கு முன்னர் கோடுகளைப் பார்த்து அரைவிலைக்கு விற்றவர் யாரிடம் முறையிடுவது? மறுபுறம், இல்லாத கோடுகளை இருப்பதாகக் காட்டச் செய்து விற்பனை செய்யும் கைவேலைக்கும் இதே வழியில் இடமுண்டு. நிறுவையிலும் அளவையிலும் மோசம் செய்வதை நம் இரு சமூகங்களின் சமயங்களும் ஒருங்கே கண்டிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத படிக்கல்லை எவ்வாறு சோதிப்பது என்பதே இன்றைய சிக்கல்.

பாதுகாப்புப் பற்றிய அச்சமும் உண்டு. ஒஸ்லோ நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனம் சீனத் தயாரிப்பான யூடொங் மின்சார பஸ் ஒன்றை வெளித்தொடர்பு எட்டாத சுரங்கத்துக்குள் கொண்டுசென்று பரிசோதித்தது. மென்பொருளைப் புதுப்பிக்கும் வழியினூடாக உற்பத்தியாளர் பஸ்ஸை அணுக முடியும் என 2025 இல் அது வெளியிட்ட முடிவு ஐரோப்பாவில் பரபரப்பை ஏற்படுத்தியது. தீய நோக்கம் இருந்ததாக அது கூறவில்லை; வாசல் இருக்கின்றது என்றே கூறியது. துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் கொண்ட நம் மாவட்டத்தில் இதைப் பற்றிச் சிந்திப்பது மிகையாகாது.

இவ்வளவும் கூறியமையால் மின்சார வாகனத்தை நாம் எதிர்ப்பதாக எவரும் கருதலாகாது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்றவர்களுக்கும், கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பெற்றவர்களுக்கும் கூரையில் விழும் வெயிலில் வண்டி ஓடும் என்பது எத்தகைய விடுதலை என்பதை விளக்கத் தேவையில்லை. சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டத்துக்கு அத்திபாரமிடப்பட்ட மாவட்டம் இது. 2020 இல் விதிக்கப்பட்ட தனியார் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதும் மின்சாரக் கார்களை நாடி மக்கள் சென்றதில் வியப்பில்லை. வளைகுடாவில் வருடக்கணக்கில் உழைத்த பணத்தை அதில் இட்டவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு கார் என்பது இன்னொரு வீட்டின் பெறுமதி.

புதுப்பிப்புகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் உலகில் இல்லாமலில்லை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 156 ஆம் இலக்க ஒழுங்குவிதி, வாகனத்தின் மென்பொருளுக்கு அடையாள இலக்கம் பேணப்பட வேண்டும் எனவும், புதுப்பிப்பின் நோக்கமும் விளைவும் பாவனையாளருக்கு அறிவிக்கப்பட வேண்டும் எனவும் கோருகின்றது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய வாகனங்கள் யாவும் அதற்கு அமைதல் வேண்டும். சீன அரசாங்கமே 2025 பெப்ரவரியில் தன் உற்பத்தியாளர்களுக்குக் கடிவாளமிட்டது. புதுப்பிப்புகளை அதிகாரிகளிடம் முன்கூட்டியே பதிய வேண்டும் என்றும், வாகனக் குறைபாட்டை மறைக்க அவற்றைக் கருவியாக்கலாகாது என்றும் அது பணித்தது. சீனாவில் வாழும் சீனருக்குக் கிடைக்கும் காப்பு, அதே காரை வாங்கும் இலங்கையருக்கு ஏன் கிடைக்கலாகாது?

நம் நாட்டில் புதிய சட்டமொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கலாம். வலுவையோ ஓடும் தூரத்தையோ மின்னேற்றும் வேகத்தையோ பாதிக்கும் புதுப்பிப்பு எதுவாயினும் உரிமையாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முன்னறிவித்து, அவரது சம்மதத்துடனேயே ஏற்றப்பட வேண்டும் என்பது முதலாவது. தமிழில் என்பதை அழுத்திச் சொல்கின்றோம். ஜப்பானிய எழுத்தை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்ததாகச் சீன எழுத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் பதியும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், மின்சார வாகனமாயின் வலுவைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் இலக்கத்தையும் பதிவது அடுத்தது. கடினமான காரியமன்று, பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி.

வரியைப் பொறுத்தவரை, 100 கிலோவாட் என்ற கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் 30 இலட்சம் ரூபா இடைவெளி வைக்கும் அட்டவணை, நேர்மையாளரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்பதே நம் கருத்து. எடையும் இறக்குமதிப் பெறுமதியும் மென்பொருளினால் மாற்ற முடியாதவை. பெறுமதியைக் குறைத்துக் காட்டும் தந்திரம் உண்டெனினும், அதனுடன் மல்லுக்கட்டிச் சுங்கத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காரின் தூரம் பத்து வீதம் குறைந்தால் கொழும்பில் உள்ளவருக்கு அது இன்னொரு தடவை மின்னேற்றும் சிரமம் மட்டுமே. இங்கிருந்து நோயாளியை ஏற்றிப் புறப்படுபவருக்கு அது ஹபரணைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் எங்கு நிற்பது என்ற கேள்வி. சுங்கம் தடுத்த கார்கள் பற்றிய நிபுணர் முடிவு எதுவாக அமைந்தாலும், அது பரிசோதிக்கப்பட்ட நாளில் அக்கார்களில் இருந்த மென்பொருளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த மென்பொருளின் இலக்கம் என்ன என்பதையும், விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு காரிலும் அதுவே தொடர்ந்து இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பு எவருடையது என்பதையும் அதிகாரிகள் பகிரங்கமாக வெளியிடுவார்களா?