தனி ஆளுக்கு ஒரு வள்ளம்

வேம்பநாட்டு ஏரியில் தனியாகத் தொழிலுக்குப் போகிறவர் படகு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல.

வேம்பநாட்டு ஏரியைச் சுற்றுலாப் பயணிகள் இரண்டு படகுகளின் மூலம்தான் அறிவார்கள். ஒன்று, நூறு பேர் ஒரே தாளத்தில் துடுப்புப் போடும் பாம்புப் படகு. மற்றது, குளிர்சாதன அறைகளுடன் மிதக்கும் வீட்டுப் படகு. ஏரியை நம்பிப் பிழைக்கிறவரின் படகு மூன்றாவது ரகம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, ஒரு கழி. விடியுமுன் வலை எடுக்கவோ, மலையாளிகள் கக்கா என்று அழைக்கும் கறுப்பு மட்டியை வாரவோ புறப்படும் சின்ன வள்ளம். புகைப்படங்களில் அது வெறும் பின்னணி. அதில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதுதான் மூலதனம்.

எல்லா வேலைக்கும் பொருந்தும் வள்ளம் என்று ஒன்று கிடையாது. நீளமான, ஒடுங்கிய வள்ளம் குறைந்த உழைப்பில் நேராகவும் வேகமாகவும் போகும். ஆனால் ஓரத்தில் சாய்ந்து வலையை இழுத்தால் ஆட்டம் காணும். அகலமானது அசையாமல் நிற்கும். ஆனால் வீடு திரும்பும்போது தோள்பட்டை விலை கொடுக்க வேண்டும். வாய்க்கால்களுக்குள் வளைந்து திரும்பக் குட்டையான வள்ளம் போதும். மட்டி வாருகிறவருக்கு அது உதவாது. பாரம் ஏறியபின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே எத்தனை விரல்கடை மிஞ்சும் என்பதுதான் அவர் பார்க்க வேண்டிய கணக்கு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இருவருக்கான பழைய வள்ளத்தை ஒருவர் வாங்குவதும் உண்டு. பின்முனையில் அவர் உட்கார்ந்ததும் முன்முனை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். பிற்பகலில் காற்று கிளம்பினால், எழும்பிய முனை காற்றாடிபோலத் திரும்பும். முன்னால் பாரம் வைக்கலாம், அல்லது நடுவுக்கு நகர்ந்து உட்காரலாம். இரண்டாவது ஆளின் இடம் அப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

அடுத்தது, எதனால் செய்தது என்ற கேள்வி. தமிழில் அயினி எனப்படும் ஆஞ்ஞிலி மரம்தான் கேரளத் தச்சர்களின் முதல் தேர்வு. ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் பிணைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் முறை இங்கே நெடுங்காலப் பழக்கம். ஆனால் பெரிய மரம் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தால் விலை அதிகம். மர வள்ளத்தை அவ்வப்போது கரையேற்றி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். அந்த நாட்களில் வருமானம் இல்லை. தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே, உப்பு ஏறும் பகுதியில், மரத்தைத் துளைக்கும் புழுக்களின் தொல்லையும் உண்டு.

கண்ணாடியிழை வள்ளத்துக்கு இந்தக் கவலைகள் இல்லை. ஒழுகாது, புழு தொடாது. ஒருவரே இழுத்துக் கரையேற்றிவிடலாம். கல்லில் மோதினால் விரிசல் விடும். அதையும் இழைத்துணியும் பிசினும் வைத்து ஒட்டிவிடலாம். ஆயுள் முடிந்தபின் விறகுக்குக்கூட ஆகாது என்பது ஒரு குறை.

கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காட்டியது. பால் வற்றியதால் வெட்டப்படும் ரப்பர் மரம் கேரளத்தில் ஏராளம். அது சீக்கிரம் உளுத்துப்போகும் மரம் என்பதால் படகு கட்ட யாரும் அதை நினைப்பதில்லை. அதற்கு மருந்தேற்றி, மேலே கண்ணாடியிழை போர்த்தி வள்ளம் செய்து காட்டினார்கள் நிறுவனத்தின் விஞ்ஞானிகள்.

இவ்வளவும் விசாரித்து வாங்குகிறவர்கூட ஒரு கேள்வியை விட்டுவிடக்கூடும். வள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும்?

மர வள்ளம் கவிழ்ந்து நிரம்பினாலும், பாரத்தைக் கொட்டிவிட்டால் விளிம்பளவில் மிதந்துகொண்டிருக்கும். மரம் தண்ணீரைவிட லேசு. உள்ளே மரம் இருப்பதால் ரப்பர் மர வள்ளத்துக்கும் அந்தக் குணம் உண்டு. கண்ணாடியிழையோ தண்ணீரைவிடக் கனம். காலியாக இருக்கும்வரை இறகுபோல மிதக்கும் அதே வள்ளம், நிரம்பியதும் அடிக்குப் போய்விடும். இரு முனைகளிலும் காற்றறையோ, நீர் உறிஞ்சாத நுரைப்பொருளோ வைத்து அடைத்திருந்தால் மட்டுமே மிதக்கும். அதற்காகும் கூடுதல் செலவைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருந்தால் வெளியே தெரியாது. சாயம் எல்லா வள்ளத்திலும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

இருவர் போகும் படகில் ஒருவர் விழுந்தால் மற்றவர் கை கொடுப்பார், தண்ணீரை இறைப்பார். தனியாளுக்கு அந்த இரண்டாவது கை அவருடைய வள்ளம்தான். கரையிலிருந்து வெகுதூரத்தில், இருட்டில், மழைக்காற்றில் அது கைவிட்டால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்திருந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மானியத்தில் வள்ளம் வழங்கும் திட்டங்கள் நீள அகலத்தோடு இதையும் நிபந்தனையாக எழுத வேண்டும். மிதவைச் சட்டை கொடுத்துவிட்டதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பணம் கொடுக்குமுன் வள்ளத்தை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிச் சென்று, விளிம்புவரை நிரப்பிவிட்டு, கையை எடுத்தால் போதும். மிதந்தால், அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை வெளியேற்றித் தனியாகத் திரும்ப ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை. புது வள்ளத்தை யாராவது முக்குவார்களா என்று விற்பவர் கோபித்துக்கொண்டால், வேறு இடத்தில் விசாரிப்பது நல்லது.