நெட்டைக் கழற்றுவது யார்?

விளையாட்டு அணிகளோடு வேலை செய்யப் போகும் நம்மில் பலர் முதலில் ஒரு 'குறிக்கோள் வாசகம்' தயாரிக்கிறோம். நாமே எழுதிக்கொண்டு போய், வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஊர்ப் பையன்களும் காலனிப் பையன்களும் சேர்ந்து ஆடும் வாலிபால் அணி அது. "ஒற்றுமை, ஒழுக்கம், வெற்றி" என்று நான் எழுதியதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். காலனித் தம்பி ஒருவன் மட்டும் கேட்டான்: "அக்கா, ஒற்றுமைன்னு போட்டிருக்கீங்க. ஆட்டம் முடிஞ்சா நெட்டைக் கழட்டிச் சுருட்டுறது எப்பவும் நாங்கதானே?"

யாரும் பேசவில்லை.

ஒரே அணியில் ஆடுவதாலேயே சமத்துவம் வந்துவிடாது. பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி எதிர்ப்புக் காட்டிய பிறகே அவர் துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் தலைவரானார். வெற்றி என்ற குறிக்கோள் அந்த அணிக்கு எப்போதும் இருந்தது. இல்லாதது மரியாதை பற்றிய உடன்பாடு.

என் தாளைக் கிழித்தேன். ஒவ்வொருவரும் இந்த அணியில் தன்னை உறுத்துவதைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதினார்கள். அவற்றை வைத்து மூன்று மாலை சண்டை போட்டோம். கடைசியில் எழுதியது இதுதான்: நெட் கட்டுவதும் கழற்றுவதும் முறை வைத்து. தண்ணீர் ஒரே குடத்தில், ஒரே டம்ளரில். கேப்டனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். சாதி சொல்லித் திட்டினால், எவ்வளவு நன்றாக ஆடுபவனானாலும் வெளியே.

அதன்பிறகு ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வரவில்லை. அதில் ஒருவன் எங்கள் சிறந்த ஸ்மாஷர். அடுத்த போட்டியில் தோற்றோம். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்த வாசகத்தை மாற்ற யாரும் கேட்கவில்லை.

குறிக்கோள் வாசகம் சுவரில் ஒட்டுவதற்கானது அல்ல. அணியிலேயே குரல் குறைந்த ஆட்டக்காரன் அதைக் காட்டி கேப்டனிடம் நியாயம் கேட்க முடிய வேண்டும். முடியாதென்றால், அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.