செம்பனைக்கு மேலே ஒரு சிவப்புக் கைப்பிடி

பறக்கும்போது எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்று எந்தப் பயிற்சி மாணவரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். மூக்கைத் தாழ்த்து, சறுக்கு வேகத்தைப் பிடி, காற்று எந்தப் பக்கம் என்று பார், இறங்க ஒரு வயலைத் தேர்ந்தெடு. முதல் மூன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும். நான்காவதை எழுதியவர்களின் ஊரில் வயல் இருந்தது.

சுபாங்கிலிருந்து எழும்பிக் கடற்கரையோரமாக வடக்கே போய்ப் பாருங்கள். காப்பார், ஜெராம், கோல சிலாங்கூர் என்று கடந்து, தஞ்சோங் காராங் வந்த பிறகுதான் நெல்வயல் கண்ணில் படும். அதற்கு முன்னால் வீடமைப்புப் பகுதி இல்லாத இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனை. உள்ளே திரும்பினால் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வரை அதே பச்சைதான். செம்பனையை முக்கோண வடிவில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். அப்படி நட்டால் வரிசைக்கு வரிசை இடைவெளி 8 மீட்டர்கூட வராது. செஸ்னா 172-இன் இறக்கை அகலம் 11 மீட்டர். எவ்வளவு திறமையான விமானியும் அந்தச் சந்துக்குள் அதை நுழைக்க முடியாது. 1,500 அடியில் எஞ்சின் நின்றால் அவர் கையில் இருப்பது சுமார் 2 நிமிடமும் 4 கிலோமீட்டரும். அந்த 4 கிலோமீட்டருக்குள் செம்மண் தோட்டச் சாலை ஒன்று தென்படலாம். அதன் இருபுறமும் மட்டைகள் நீண்டிருக்கும், குலை ஏற்றும் லாரியும் நிற்கும்.

விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் நம் சிறு விமானங்களுக்குத் தேவையா என்ற கேள்வியை இந்தத் தரையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். தேவை என்பதே எங்கள் நிலை. பறக்கும் கிளப்போ பயிற்சிப் பள்ளியோ இனி ஒற்றை எஞ்சின் விமானம் வாங்கினால் பாராசூட் உள்ளதையே வாங்கட்டும்.

2024 பிப்ரவரி 13-இல் காப்பார் கம்போங் தோக் மூடாவில் பிளாக்‌ஷேப் கேப்ரியல் விமானம் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் இறந்த பிறகு, பாராசூட் இருந்திருந்தால் என்று பேசாத ஹேங்கர் இல்லை. அந்த விபத்தை நாங்கள் சாட்சிக்கு இழுக்கவில்லை. 2023 ஆகஸ்டு 17-இல் பத்து உயிரைப் பறித்த எல்மினா விபத்தும் இந்த விவாதத்துக்குள் வராது. அது ஜெட் விமானம். சுபாங்கில் தரையிறங்க வரும்போது, தரையில் மட்டுமே விரிய வேண்டிய இறக்கைத் தடுப்புகள் வானிலேயே விரிந்துவிட்டன. அத்தனை எடைக்கும் அத்தனை தாழ்வான உயரத்துக்கும் எந்தப் பாராசூட்டும் உதவியிருக்காது.

கருவி புதியதல்ல. ஹேங் கிளைடரிலிருந்து விழுந்து உயிர் தப்பிய போரிஸ் போபோவ் 1980-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் இதற்கென நிறுவனம் தொடங்கினார். 1998-இல் சான்று பெற்ற சிர்ரஸ் எஸ்ஆர்20-இல் பாராசூட் விமானத்தோடு சேர்ந்தே வந்தது. ஜெர்மனியில் அல்ட்ராலைட் விமானங்களுக்கு இது கட்டாயம். கூரையில் இருக்கும் சிவப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் நேராகக் கீழே இழுக்க வேண்டும். 20 கிலோ வரை பலம் தேவைப்படும். சிறு ராக்கெட் ஒன்று துணியை வெளியே இழுத்துச் செல்லும். பிறகு விமானம் நிமிடத்துக்கு 1,700 அடி வேகத்தில் இறங்கும். ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிற அதிர்ச்சி அது. முதுகெலும்பு நொறுங்கலாம். ஆனால் 60 நாட் வேகத்தில் மரத்தில் மோதுவதோடு ஒப்பிட்டால், உடல் தாங்க வேண்டிய ஆற்றல் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

இருந்தும், சிர்ரஸ் விமானங்களின் முதல் பத்தாண்டுக் கணக்கு விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்லும் கணக்கல்ல. தலைக்கு மேலே கைப்பிடி இருந்தும் விமானிகள் இழுக்காமலே இறந்தார்கள். மற்றச் சிறு விமானங்களைவிட உயிரிழப்பு குறைவாக இருக்கவில்லை. உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் பயிற்சியை மாற்றியமைத்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. 500, 600 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேராக இறங்கு. அதற்கு மேல் 2,000 அடி வரை யோசிக்காமல் இழு. அதற்கும் மேலே என்றால் கோளாறைத் தேடிப் பார்க்க நேரம் உண்டு. இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டே புறப்படப் பழக்கினார்கள். மறுபக்கம், பாராசூட்டே இல்லாத டயமண்ட் டிஏ40 பாதுகாப்பில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. கருவிக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் பயிற்றுநர்களிடம் ஒரு பழைய பெருமை உண்டு. விமானத்தைச் சேதமில்லாமல் கொண்டு வந்து நிறுத்துபவன்தான் விமானி. இழுத்தவனைக் கன்டீனில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். செகிஞ்சான் பக்கம் அறுவடை முடிந்து காய்ந்த வயல் கீழே இருந்தால் அந்தப் பெருமையில் நியாயம் உண்டு, அங்கே சறுக்கி இறங்குவதே மேல். அதே வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தால் மூக்குச் சக்கரம் புதைந்து விமானம் கவிழும். புக்கிட் ரோத்தானுக்கு மேலே அந்தப் பெருமைக்கு வேலையே இல்லை. எந்த இடத்துக்கு மேலே எது முதல் தேர்வு என்பதை வரைபடத்தில் வண்ணம் தீட்டி மாணவர் கையில் கொடுக்கலாம். செலவு ஒன்றுமில்லை.

பழைய விமானங்களில் பொருத்தக் கட்டாயப்படுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. செஸ்னா 172-இல் இது 35 முதல் 40 கிலோ எடை. ஒன்றரை மணி நேரம் பறக்கும் எரிபொருளின் எடை. நம் வெயிலில் இரண்டு பெரியவர்களோடு ஏறும் பயிற்சி விமானத்துக்கு அது சின்ன விஷயமல்ல. பத்தாண்டுக்கு ஒருமுறை துணியை மடித்துக் கட்டி ராக்கெட்டையும் மாற்ற வேண்டும். வெடிபொருள் என்பதால் இறக்குமதி உரிமம், கிடங்கு, தேதி முடிந்ததை அழிப்பது எல்லாமே பராமரிப்புப் பொறியியலாளர் தலையில் விழும். விமானப் போக்குவரத்து ஆணையம் இதற்கொரு தெளிவான வழி வகுக்காமல் கட்டாயம் என்று ஆணையிட்டால், தேதி கடந்த ராக்கெட்டுகளோடு விமானங்கள் பறக்கும்.

பாராசூட் விரிந்த பின் விமானி வெறும் பயணி. 1,000 அடியில் விரிந்தால் தரை தொட 35 விநாடி ஆகும். 10 நாட் காற்று அதற்குள் 180 மீட்டர் தள்ளிவிடும். காப்பார் மின்நிலையத்தின் உயரழுத்தக் கம்பிகள் போகும் பாதைக்கு மேல் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இழுப்பது என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் பேசாதது. இழுக்கப்படாத ராக்கெட்டோடு விமானம் தோட்டத்தில் விழுந்தால் முதலில் ஓடி வருவது பொம்பா இல்லை. கையில் நீளக் கம்பு அரிவாளோடு குலை வெட்டிக்கொண்டிருப்பவர்களும், மண்டோரும், டிராக்டர் ஓட்டுநரும்தான். உள்ளே சிக்கியவரை மீட்கும் அவசரத்தில் அவர்கள் கையில் கிடைத்ததை அறுப்பார்கள், இழுப்பார்கள். கைப்பிடியிலிருந்து போகும் கம்பி இறுகினால் ராக்கெட் சீறும். எதிரே நிற்பவர் பிழைக்க மாட்டார். விமானத்தின் உடலில் எச்சரிக்கை முக்கோணம் ஒட்டியிருக்கும், எழுத்து ஆங்கிலத்தில். அந்த ஆளோ தமிழரோ, இந்தோனேசியரோ, வங்கதேசத்தவரோ, நேபாளியோ. பாராசூட் உள்ள விமானத்தை வாங்கும் கிளப், காப்பார் முதல் சபாக் பெர்ணம் வரையுள்ள தோட்ட அலுவலகங்களுக்கும் பொம்பா நிலையங்களுக்கும் படத்தோடு ஒரு பக்க அறிவிப்பு அனுப்பட்டும்: முக்கோணம் இருந்தால் அதன் எதிரே நிற்காதே, கம்பியை வெட்டாதே, கதவு வழியாக மட்டும் ஆளை எடு. அதன் மாதிரியை மலாய், தமிழ், வங்காளம், நேபாளி மொழிகளில் அடுத்த இதழோடு இணைப்பாகத் தருகிறோம். நகலெடுத்துக்கொள்ள அனுமதி தேவையில்லை.